சம்பந்தி கொடுத்த அரைச் சவரன்

அத்தியாயம் 9

காலையில் மாமனார் மருமகளின் அறை வாசலில் வந்து நின்றதே முதல் அதிசயம். அவர் கையில் அந்தச் சின்ன நீலப் பெட்டி இருந்தது இரண்டாவது அதிசயம்.

போன வாரம் அத்தை வாய் தவறி உளறிக் கொட்டினாளே, அதே பெட்டிதான். கல்யாணத்தன்று மருமகளின் அப்பா, சம்பந்தியின் கையைப் பிடித்து அதைக் கொடுத்தார். உள்ளே பழைய பிரிட்டிஷ் அரைச் சவரன். விக்டோரியா ராணியின் தலை போட்டது, மஞ்சளாகப் பளபளவென்று மின்னியது. மாமனார் வீட்டுக்கு வந்த கையோடு அதைத் தராசில் போட்டார். எடை குறைந்தது.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து சம்பந்தி வீட்டு வாசற்படியை மிதிக்கவும் இல்லை. கூப்பிட்டபோதெல்லாம் முட்டி வலிக்கிறது என்றார். முட்டிவலிக்காரர் தினமும் பூங்காவை நாலு சுற்றுச் சுற்றி வருவது யாருக்குத்தான் தெரியாது? அந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்ச நாளில் கூப்பிடுவது நின்றது, வருவதும் நின்றது.

மாமனார் எடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்கி, கள்ள எடைக்கல் வைத்திருந்தவர்களை எல்லாம் கூண்டில் ஏற்றியவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைப்பார்கள். கடைத்தெருவில் 'தராசு' என்று வைத்த பெயர், அவர் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தது. இப்போது அவர் பொழுதுபோக்கு, பழைய செப்புக் காசு சேர்ப்பது.

மருமகளோ ஏலக் கம்பெனியில் பழைய நாணயங்களை மதிப்பிடுகிறவள். கழுத்தில் தாலிச் சங்கிலி இருக்கிறதோ இல்லையோ, கறுப்புக் கயிற்றில் லென்ஸ் தொங்கும். அத்தை அவளைக் கூப்பிடுவதே 'லென்ஸு' என்றுதான். நாணயம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரு நாணயத்தை அவள் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

"இன்னைக்கு சாயங்காலம் உங்கப்பா வர்றாராமே" என்றார் மாமனார்.

"ஆமா மாமா. உங்க பிள்ளைதான் கூப்பிட்டாரு."

"இப்பத்தான் எங்கிட்ட சொன்னான். சொல்லிட்டு நிக்கலையே. எங்கேயோ லிஃப்ட்டு மாட்டிக்கிச்சுன்னு ஓடிட்டான்."

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களைப் பத்திரமாக இறக்கிவிடுவதில் சூரன். அப்பாவுக்கும் மாமனாருக்கும் நடுவே சிக்கினால் மட்டும் அவனுக்குக் கதவு திறக்கத் தெரியாது.

மாமனார் பெட்டியை அவள் மேஜையில் வைத்தார்.

"இதை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போம்மா. நல்லாப் பாரு. என் தராசு பழசு. காசும் பழசு, தேய்ஞ்சிருந்தாலும் தேய்ஞ்சிருக்கும். நான்தான் தப்பா நெனச்சுட்டேன்னா சொல்லிடு. வாசல்ல நானே நின்னு உங்கப்பாவை உள்ள கூட்டிட்டு வர்றேன்."

"தப்பா நெனைக்கலைன்னா மாமா?"

அவர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவர் வரட்டும், சாப்பிடட்டும். அவர் மகளோட வீடு இது. நான் என் ரூம்ல இருந்துக்குறேன். தெரிஞ்சே பொய்க்காசைக் கையில வச்சவரோட ஒண்ணா உக்காந்து எனக்குச் சாப்பாடு இறங்காதும்மா."

அதட்டலாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அவர் குரலில் இருந்தது கெஞ்சல். தன் தராசு பொய்யாக இருந்துவிடக்கூடாதா என்று ஏங்குகிற தராசுக்காரரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

சமையலறையில் அத்தை காத்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாரு அத்தை."

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமான்னு அன்னைக்கே கேட்டேன். கேட்டாத்தானே." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு லென்ஸு. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அது என்னவா வேணா இருக்கட்டும். சாயங்காலம் வந்து தங்கம்தான் மாமான்னு சொல்லிடு. அவரு தராசை விட உன் வாயைத்தான் நம்புவாரு. முடிஞ்சுது கதை. ரெண்டு கிழவன்களும் ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா அத்தை?"

"பொய்யாவது, மெய்யாவது. குடும்பம்னா கொஞ்சம் முலாம் பூசத்தான் வேணும்."

அவள் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அந்த யோசனை காதோரக் கொசுவாகச் சுற்றியது. ஒரே ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். ஒருநாள் சமைத்ததை மறுநாளும் சுடவைத்துச் சாப்பிடுகிறவர். மகள் வீட்டில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட அவருக்கு இத்தனை வருஷம் கொடுத்து வைக்கவில்லை. அதற்காக ஒரு பொய் சொன்னால் என்ன?

ஆனால் இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது. அப்பா நிஜமாகவே தெரிந்துதான் கொடுத்தாரா?

ஏலக் கம்பெனியின் நாணயப் பிரிவு என்றால் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. வடக்குப் பார்த்த ஜன்னல், இரண்டு மேஜை, மேஜை மேல் பச்சைக் கம்பளித் துணி, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மின் தராசு. மூச்சுக் காற்றுப் பட்டாலே அதன் எண்கள் ஆடும் என்பதால் கூண்டு. அங்கே ஒரு விதி உண்டு. எந்த நாணயத்தையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், தனித்தனியாக. முதலில் பார்த்தவர் வாயைத் திறக்கக்கூடாது. சொந்தக்காரர் பொருள் என்றால் மதிப்பே போடக்கூடாது.

மதிப்பு போட வரவில்லை, உண்மை தெரிந்தால் போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் பெட்டியைத் திறந்தாள்.

விளிம்பைப் பிடித்து எடுத்துத் தராசில் வைத்தாள். அரைச் சவரன் என்றால் நாலு கிராமை ஒட்டி நிற்க வேண்டும். இது மூன்றைக்கூடத் தொடவில்லை. எத்தனை கை மாறித் தேய்ந்தாலும் தங்கம் இவ்வளவு இளைக்காது. மாமனாரின் பழைய தராசு பொய் சொல்லவில்லை.

லென்ஸைக் கண்ணில் வைத்தாள். ராணியின் காதோரத்திலும் கன்ன மேட்டிலும் மஞ்சள் தேய்ந்து, அடியில் கறுத்துப் போன வெள்ளி எட்டிப் பார்த்தது. பின்பக்கம் திருப்பினாள். கிரீடம், கேடயம். கேடயத்தைச் சுற்றி வார்ப்பட்டை போல ஒரு கச்சை, அதில் பொடி எழுத்துகள். கீழே வருஷம்: 1887.

அவள் கை அப்படியே நின்றது.

அந்த வருஷத்தையும் அந்தக் கச்சையையும் சேர்த்துப் பார்த்தால் நாணயம் பார்க்கிறவர்கள் யாரும் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். ராணி பட்டத்துக்கு வந்த ஐம்பதாவது வருஷம் அது. கொண்டாட்டத்துக்காகப் புது நாணயங்கள் அடித்தார்கள். அதில் வெள்ளி ஆறு பென்னியின் முகம், அளவு, கேடயம் எல்லாம் தங்க அரைச் சவரன் ஜாடையிலேயே அமைந்துவிட்டது. கச்சை ஒன்றுதான் வித்தியாசம். இது எத்தனை பென்னி என்று எழுதவும் மறந்துவிட்டார்கள். விடுவார்களா எத்தர்கள்? வெள்ளிக்குத் தங்க முலாம் பூசி, அவசரக்காரக் கடைக்காரர்களிடம் அரைச் சவரன் என்று தள்ளிவிட்டார்கள். இருபது மடங்கு லாபம். அரசாங்கம் விழுந்தடித்துக்கொண்டு அந்த அச்சை நிறுத்தி, 'ஆறு பென்னி' என்று கொட்டை எழுத்தில் போட்டு வேறு அடித்தது.

ஆக, இது நேற்று ஏதோ பட்டறையில் செய்த போலி இல்லை. போலிதான், ஆனால் நூற்றுச் சொச்சம் வயதான போலி.

பக்கத்து மேஜைக்காரி இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஆபீசில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'. யாருடையது என்று சொல்லாமல் மருமகள் நாணயத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். அக்கா ஒரு கையில் டீயோடு, மறு கையால் லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

"அட, திருட்டுப் பய காசு. ரொம்ப நாளாச்சு இதைப் பாத்து" என்று சிரித்தாள். "யாரு கொண்டாந்தது? ஏமாந்தவரா, ஏமாத்துறவரா?"

"அது எப்படிக்கா தெரியும்?"

"காசைப் பாத்துத் தெரியாதும்மா. லென்ஸு காசைக் காட்டும். குடுத்தவன் மனசை அவன்கிட்டதான் கேக்கணும்."

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். மாடிப்படிக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் சினிமாத் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர், பழைய காசு சேர்க்கிற பழக்கமும் உண்டு. இருட்டறையில் மெஷினோடு தனியாக இருந்த காலத்துக்கெல்லாம் சேர்த்து வைத்து இப்போது பேசுகிறவர். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் வரும்.

"பாப்பா, நான் கிளம்பிட்டேன். பஸ்ஸுல இருக்கேன்."

"இப்பவேவாப்பா? சாயங்காலம்தானே?"

"வீட்டுல உக்காந்து என்ன பண்றது."

"அப்பா, கல்யாணத்தன்னைக்கு மாமாவுக்கு ஒரு காசு குடுத்தீங்களே…"

மறுமுனையில் பஸ்ஸின் உறுமல் மட்டும் கேட்டது. ஒன்பது பதில் சொல்கிறவர் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

"அப்பா?"

"அதைப் பத்திக் கேக்க இவ்வளவு வருஷமாச்சா உங்க வீட்டுக்கு?" குரல் மாறியிருந்தது. "வந்து பேசிக்கிறேன்."

வைத்துவிட்டார். மாடிப்படியில் நின்றபடியே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. ஆனால் அப்பா பேசாமல் இருந்தும் அவள் பார்த்ததில்லை. வாசலில் நின்று வரவேற்கக் காத்திருக்கும் மாமனாரின் முகம் நினைவுக்கு வந்தது. அத்தையின் யோசனை இப்போது அவ்வளவு கெட்டதாகத் தோன்றவில்லை.

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள். அப்படியும் அப்பா முந்திக்கொண்டார்.

கூடத்தில் அப்பா ஒரு நாற்காலியில், மாமனார் எதிர் நாற்காலியில். நடுவே முக்காலியில் இரண்டு டீ ஆறிக் கிடந்தது. மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது. அத்தை ஓரமாக நின்று, துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தான். கை கழுவுகிற சாக்கில் குழாயடியை விட்டு அவன் நகரவே இல்லை.

"வாம்மா" என்றார் மாமனார். எழுந்துகூட நிற்கவில்லை, ஆனால் முதுகு நிமிர்ந்தது. "பாத்தியா?"

அத்தை, மாமனார் முதுகுக்குப் பின்னால் நின்று, 'தங்கம், தங்கம்' என்று உதட்டை அசைத்தாள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. தலையை வழித்து வாரியிருந்தார். மகள் வீட்டுக்கு வருவதற்காகத் தன்னைத்தானே இவ்வளவு ஒழுங்கு செய்துகொண்டு வந்தவரின் முன்னால்தான் அதைச் சொல்ல வேண்டும். அவள் பெட்டியை எடுத்து டீ டம்ளர்களுக்கு நடுவே வைத்தாள். இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான காசுகளைப் பார்த்தவள், ஒன்றைப் பற்றிக்கூடப் பொய் சொன்னதில்லை. முதல் பொய்யை அப்பாவுக்காகச் சொன்னால் அப்பாவே அதைத் தாங்க மாட்டார் என்று தோன்றியது.

"உங்க தராசு சரிதான் மாமா. இது அரைச் சவரன் இல்ல. வெள்ளி ஆறு பென்னி. மேல தங்க முலாம்."

அத்தை துணியைக் கீழே போட்டாள். மாமனார் மெல்ல எழுந்தார், அறைப் பக்கம் திரும்பினார்.

"அப்பாடா" என்றார் அவளுடைய அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஆபரேட்டரின் முகம் முழுக்கச் சிரிப்பு. "இப்பவாவது ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொன்னீங்களே. என் பொண்ணுதான் சொல்ல வேண்டியிருக்கு. உக்காருங்க சம்பந்தி, எங்க போறீங்க?"

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?" மாமனார் அப்படியே திரும்பினார்.

"தெரியாம குடுப்பேனா? எங்கிட்ட இருந்ததுலயே அதுதான் ஒசத்தி. நான் சேக்குறது எல்லாமே ஊரை ஏமாத்தின எத்தன் காசு, பாப்பாவுக்குக்கூடக் காட்டினதில்ல. தங்கம் எந்த நகைக்கடையிலயும் கிடைக்கும் சம்பந்தி. ஒரு அரசாங்கத்தையே முட்டாளாக்கின காசு எத்தனை பேருகிட்ட இருக்கும்? நீங்களும் காசு சேக்குறவரு. தராசுல போட்டு எடை பாப்பீங்க, குறையும், கச்சையைப் பாப்பீங்க, வயிறு குலுங்கச் சிரிப்பீங்க, மறுநாளே ஓடி வருவீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் 'அரைச் சவரன்'னு சொல்லிட்டு உங்களைப் பாத்துக் கண்ணடிச்சேன்."

"கண்ணடிச்சீங்களா?"

"பின்ன?"

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணுல தூசி விழுந்துருச்சுன்னு நெனச்சேன் சம்பந்தி. துடைச்சுக்கச் சொல்லிக் கைக்குட்டைகூடக் குடுத்தேனே."

குழாயடியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகளால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

"எனக்கு வெள்ளி, தங்கம் எல்லாம் தெரியாது" என்றார் மாமனார். "நான் சேக்குறது செப்புப் பென்னி மட்டும்தான். அதுவும் எடை சுத்தமா இருக்கும்ங்கறதுக்காக. இந்தக் கச்சையை நூறு தடவை பாத்திருக்கேன். அதுல என்னமோ எழுதியிருக்கே, அதைக்கூட எழுத்து எழுத்தாக் கூட்டிப் பாத்தேன். விளங்கலை."

"அது பழைய பிரெஞ்சு மாமா" என்றாள் மருமகள். "இதைத் தப்பா நெனைக்கிறவனுக்குத்தான் வெக்கக்கேடுன்னு அர்த்தம்."

மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சம்பந்தி" என்றார் அப்பா. இப்போது சிரிப்பு இல்லை. "நான் எவ்வளவு ஆசையாக் குடுத்தேன். நீங்க வருவீங்க, வருவீங்கன்னு பாத்தேன். ஒரு போன் இல்ல. சரி, பெரிய மனுஷன், நம்ம காசு அவருக்குத் துச்சமாப் போச்சு, இனிமே அந்த வாசல்ல போய் நிக்கக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

"எப்படிங்க கேப்பேன்? சம்பந்தியைப் பாத்து, நீங்க குடுத்த தங்கம் எடை குறையுதேன்னு கேக்குறது மரியாதையா?"

அப்போதுதான் மருமகளுக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"ரெண்டு பேரும் மரியாதை, மரியாதைன்னே இருந்துட்டீங்க. நடுவுல நான் ஒருத்தி இருந்தேன். அங்க போனா, ஏன் உங்க மாமனார் வரலைன்னு அப்பா கேக்க மாட்டாரு, ஆனா வாசலையே பாப்பாரு. இங்க வந்தா, உங்கப்பா எப்படி இருக்காருன்னு மாமா கேக்கவே மாட்டாரு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கே தெரியாம இத்தனை வருஷம் இருந்திருக்கேன். இன்னைக்கு மாடிப்படியில நின்னு அழுதேன்பா, நீங்க ஏமாத்திட்டீங்களோன்னு."

இரண்டு கிழவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் போல. அத்தைதான் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு லென்ஸு. நான் சொன்னபடி நீ சொல்லியிருந்தா, இவரு வாழ்நாள் பூரா தங்கம் தங்கம்னு நம்பிக்கிட்டு, சிரிக்காமலே செத்திருப்பாரு" என்றாள்.

மாமனார் எழுந்தார். இந்த முறை அறைப் பக்கம் போகவில்லை. முக்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, சம்பந்தியின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாணயத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டோரம் ஆடியது. அப்புறம் தோள் குலுங்கியது. அந்த வீட்டில் அவர் சத்தம் போட்டுச் சிரித்து மருமகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு அரசாங்கத்தையே ஏமாத்தின காசு, என்னை ஏமாத்தறதா பெரிசு" என்றார்.

அதன் பிறகு வீடு மாறிப்போனது. அத்தை புதிதாக டீ போட்டாள். மாமனார் உள்ளே போய்த் தன் செப்புக் காசுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் பரப்பினார். கூடவே தராசும் வந்தது. அதில் பெரியது 1797-இல் அடித்த இரண்டு பென்னி. உள்ளங்கையை நிறைக்கும் தடிமனான செப்பு. வண்டிச்சக்கரம் என்று அதற்குச் செல்லப்பெயர். ஒவ்வொன்றும் சரியாக இரண்டு அவுன்ஸ் இருக்கும்படி அடித்ததால், கடைக்காரர்கள் அதையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்களாம். மாமனார் அதைச் சொல்லும்போது பேரன் மார்க்கைச் சொல்வது போல இருந்தது.

"பாருங்க சம்பந்தி, தானே காசு, தானே எடைக்கல். பொய் சொல்லவே முடியாத காசு இது ஒண்ணுதான்."

"அடடா, மறந்தே போச்சு" என்றார் அப்பா. பையைத் துழாவி, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தார். "கல்யாணம் முடிஞ்ச கையோட மாப்பிள்ளைகிட்ட எனக்கு ஒண்ணு குடுத்தனுப்பினீங்களே, இதோ. உங்க மேல மனத்தாங்கல் இருந்தாலும் இது மட்டும் என் டிவி பக்கத்துலதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்க எல்லாம் சேர்ந்து ஒரு கண்காட்சி போடுறோம். நட்ட நடுவுல இதைத்தான் வைக்கப்போறேன், 'எடை ஆய்வாளர் கையால் கிடைத்தது'ன்னு அட்டை எழுதி. அட்டையில எடையும் போடணுமாம்."

மருமகள் கை நீட்டி வாங்கினாள். வண்டிச்சக்கரம். அளவு சரி, நிறம் சரி. ஆனால் உள்ளங்கையில் விழுந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு அவுன்ஸ் கைக்குக் கொடுக்கிற கனம் இதில் இல்லை. விளிம்பில் விரலை ஓட்டினாள். வார்ப்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடு நகத்தில் தட்டியது. இது அச்சில் அடித்தது இல்லை, வார்த்தது. லென்ஸே வேண்டாம்.

அவள் நிமிர்ந்தாள். மாமனார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவருக்குத் தெரியும். கொடுத்தனுப்பும்போதே தெரியும். பொய்க்காசுக்குப் பொய்க்காசு என்று, வாழ்நாளில் ஒரே ஒரு முறை, கோபத்தில் அவரே எடை குறைத்திருக்கிறார். எத்தனையோ கடைக்காரர்களைக் கூண்டில் ஏற்றிய மனுஷர்.

"நீங்க எடை போட்டுப் பாத்ததே இல்லையாப்பா?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே சன்னமாகக் கேட்டது.

"நல்லா கேட்டே. குடுத்தது யாரு? தராசு. அவர் குடுத்ததை யாராவது எடை போடுவாங்களா?" அப்பா சிரித்தபடி தராசைச் சம்பந்தி பக்கம் நகர்த்தினார். "நீங்களே போட்டுச் சொல்லுங்க சம்பந்தி. உங்க வாயால கேட்டு எழுதினாத்தான் எனக்குத் திருப்தி."

தராசு மாமனாரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் தொடவில்லை. மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து அத்தை புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மருமகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'இங்க வேண்டாம்பா, ஆபீஸ்ல போட்டுச் சொல்றேன்' என்று. ஞாயிற்றுக்கிழமை வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேறு ஒரு நல்ல வண்டிச்சக்கரத்தை மாற்றி வைத்துவிடலாம். காலையில் அத்தை அவளுக்குக் காட்டிய அதே குறுக்கு வழி.

அவள் வாயைத் திறக்கவில்லை. மாமனார்தான் திறந்தார்.

"அதைத் தட்டுல வைக்க வேண்டாம்மா, இங்க குடு" என்று அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூடிய விரல்களோடு சம்பந்தியின் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார்.

"இதோட எடை எனக்குத் தெரியும் சம்பந்தி."